ஒரு கேன் கடல்

கோயம்புத்தூரில் கடல் இல்லை என்பது கடவுளுக்கும் தெரியும், ரயில்வேக்கும் தெரியும். அதனால் பத்து லிட்டர் கேன் ஒன்றில் எங்கள் கடலை மொண்டு, மூடியை இறுக்கி, மேலே பாலித்தீன் சுற்றி, இரண்டு ரப்பர் பேண்ட் போட்டு, கைக்குழந்தை மாதிரி பக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன். டிக்கெட் பரிசோதகர் கேனை விரலால் தட்டி, "என்ன சார் இது, எண்ணெயா?" என்றார். "கடல்" என்றேன். அவர் என் டிக்கெட்டை இரண்டாம் முறை வாங்கிப் பார்த்தார்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடல் வாசல்வரை வந்து விசாரித்துவிட்டுப் போகும் ஒரு மீனவர் ஊர். தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கும் நாளில் மாதா சுரூபத்தைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய்க் கடலை மந்திரிப்போம். இந்த வருடம் சுரூபத்தின் பீடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. மந்திரித்துத் திரும்பும்போது, கரைக்குக் கூப்பிடு தூரத்தில், எனக்கு ஒரு வரி வந்தது. 'அலை என்பது கடலின்' என்று தொடங்கியது. நல்ல வரிகள் காத்திருப்பதில்லை. ஒரு கையை எடுத்து, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, மூன்று சொல்லைத் தட்டினேன். படகின் மூக்கு மணலில் இடித்தது. மாதா ஒரு பக்கம் சாய்ந்தாள். வெள்ளிக் கிரீடம் சத்தமே போடாமல் தண்ணீருக்குள் போனது.

அந்தக் கிரீடம், ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு கொலுசும் காப்புமாகக் கழற்றிக் கொடுத்துச் செய்தது. அன்று மாலைவரை பையன்கள் முக்குளித்தார்கள். மறுநாள் ஒருவர் வலையில் கிரீடத்தின் உச்சியில் இருந்த கட்டைவிரல் அகலச் சிலுவை மட்டும் வந்தது. மீதியைக் கடல் வைத்துக்கொண்டது. திருவிழாக் கொடியேற்றத்துக்கு மூன்று வாரம் இருந்தது. தேநீர்க் கடையில் என் பெயர் மாறிவிட்டது. "ஏ கிரீடம், டீ ஆறுது" என்பார்கள். போன் திரையில் அந்த மூன்று சொல் மட்டும் நின்றது. நான்காவது சொல் இன்றுவரை என் கைக்கு வரவில்லை.

என் மனைவி ஸ்டெல்லா அதிகம் பேசவில்லை. "எந்தக் கையால விட்டீங்களோ அந்தக் கையாலேயே எடுத்துட்டு வாங்க" என்றாள். அதில் அவளுடைய பழைய கொலுசும் இருந்தது.

தண்ணீருக்குள் வேலை செய்யும் மெட்டல் டிடெக்டர் என்று ஒரு கருவி இருப்பதை அப்போதுதான் அறிந்தேன். நீளக் கழி, அடியில் தட்டு போன்ற வட்டம், மேலே ஒரு பெட்டி, காதில் மாட்ட ஒரு குழல். புதிது வாங்கினால் படகை விற்க வேண்டும். படகும் என்னுடையது இல்லை. பழையது வாங்குவதைப் பற்றி ஒரு வாரம் படித்தேன். படித்ததில் தேறியது இரண்டு. ஒன்று, உப்புத் தண்ணீரும் ஓர் உலோகம்தான் என்று சாதாரணக் கருவிகள் நினைத்துக்கொண்டு கத்தும். கடலுக்கென்று உள்ள வகை மட்டுமே சும்மா இருக்கும். இரண்டு, பழைய கருவியின் பெட்டிக்குள் தண்ணீர் புகுமா என்று முக்கிப் பார்க்காமல் வாங்காதே. விற்பனைக்கு இருப்பதாகப் போனில் கண்ட இரண்டும் கோயம்புத்தூர்ப் பக்கம் இருந்தன. வடவள்ளியில் இருக்கும் என் கல்லூரித் தோழன் நடராஜைக் கேட்டேன். "எங்கூர்ல இல்லாத மெசினு எந்தூர்லயும் இல்லீங் மாப்ள, கெளம்பி வா" என்றான். கடலைத்தான் நான் கொண்டுபோக வேண்டியிருந்தது.

அவன் வீட்டு வாசலில் கேனை இறக்கியதும் அவன் மனைவி சுமதி ஒரு சொம்பு நீட்டினாள். "வாங்கண்ணா, தண்ணி குடிங்க." இந்தப் பக்கத்தில் வணக்கத்துக்கு முன்னால் வருவது தண்ணீர். நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்பதெல்லாம் சொம்பு காலியான பிறகுதான். குடித்தேன். எங்கள் ஊரில் தண்ணீரைக் குடிப்போம். இங்கே அது தானாகவே தொண்டையில் இறங்கியது. மலைக்குள் ஒளிந்திருந்த ஒரு குளிர் என் முதுகெலும்பு வழியாக நடந்து போனது.

"சிறுவாணிங்க" என்றான் நடராஜ், தன் மகனை அறிமுகப்படுத்துகிறவன் போல.

"கேன்ல என்னங்ண்ணா?" என்றாள் சுமதி.

கிரீடத்தின் கதையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "ஊர்லேர்ந்து கொண்டுவந்த தண்ணிம்மா" என்று சொல்லிவைத்தேன். அவள் கேனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் சொன்ன அந்த ஒற்றை வாக்கியம் பின்னால் என்னை எப்படிச் சுற்றவிடப்போகிறது என்று அப்போது தெரிந்திருந்தால், கிரீடத்தின் கதையை நான்கு காண்டமாகப் பாடியிருப்பேன்.

அன்று பகலே உக்கடத்துக்குப் போனேன். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருந்த ஒரு சந்தில், வெளிநாட்டிலிருந்து வீடு மாற்றிக்கொண்டு வந்தவர்களின் பெட்டிகளை மொத்தமாக வாங்கி விற்கும் அப்பாஸ் பாயின் கடை. குளிர்பெட்டிகளுக்கும் ஓடாத டிரெட்மில்லுக்கும் நடுவே, மஸ்கட்டிலிருந்து வந்த அந்தக் கருவி சுவரில் சாய்ந்து நின்றது. பாய் நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டார்.

"உக்காருங்க தம்பி. தண்ணி குடிங்க."

இரண்டாவது சொம்பு. பிறகு நான் கேனைக் காட்டினேன். பாய் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை இழுத்துப் போட்டார். என் கடல் அதற்குள் சளப்பென்று இறங்கியபோது சந்தில் உப்பு வாசம் எழுந்தது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "பாய், கருவாடு யாவாரம் எப்ப ஆரம்பிச்சீங்க?" என்றார்.

கருவியின் வட்டத்தைத் தொட்டிக்குள் வைத்தோம். மௌனம். சட்டைப்பையிலிருந்து வெள்ளிச் சிலுவையை எடுத்து அடியில் போட்டேன். "ங்ங்" என்றது. எடுத்தேன், மௌனம். என் கண்ணில் நீர் வந்துவிட்டது. பாய் ஓர் ஆணியைப் போட்டார். அதே "ங்ங்". ஒரு சோடா மூடி. அதே "ங்ங்".

"உப்பைக் கண்டுக்காதுங்க தம்பி. ஆனா இதுக்கு ஆணியும் ஒண்ணு, அரசாங்கத் தங்கமும் ஒண்ணு" என்றார் பாய். "இருங்க, சந்தோசப்படாதீங்க. பெட்டியையும் பாத்துருவோம்."

அவரே பாட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, மூடியைத் திருகி, காலிப் பெட்டியைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தார். ஓரத்திலிருந்து ஒரு குமிழி வந்தது. கொஞ்சம் யோசித்து இன்னொன்று வந்தது. பிறகு வரிசையாக வந்தன.

"பாருங்க, மூச்சு விடுது" என்றார் பாய் வருத்தத்தோடு. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. அது உட்காரும் பள்ளத்தில் பச்சையாகக் களிம்பு. "வேற யாராவதுன்னா சொல்லாம வித்திருப்பேன். ஆனா நீங்க கடலைத் தூக்கிட்டு வந்துட்டீங்களே. கடல் முன்னாடி பொய் சொல்ல முடியுமா?"

விற்கிறவரே குறையைச் சொல்லிவிட்டால் பேரம் பேச நமக்கு என்ன இருக்கிறது? பாய் வரவழைத்த பிரியாணியைச் சாப்பிட்டோம். கடலைப் புனல் வைத்து மறுபடி கேனுக்குள் ஊற்றிக்கொண்டு திரும்பினேன். ஒரு டம்ளர் குறைந்திருந்தது. சந்துக்குத் தானம்.

மறுநாள் காலை சுமதி எனக்குச் சந்தகையும் தேங்காய்ப்பாலும் வைத்தாள். இட்லி மாவைப் பிழிந்து நூலாக்கினால் இவ்வளவு மென்மை வரும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றவில்லை; நாங்கள் எல்லாவற்றையும் மீனுக்குத் தொட்டுக்கொள்ளவே செய்கிறோம். மூன்றாம் முறை வைத்தாள். வேண்டாம் என்றேன். "சாப்புடுங்கண்ணா, பாவம்" என்றாள். எதற்குப் பாவம் என்று புரியவில்லை. கிளம்பும்போது கேனைத் தானே தூக்கிவந்து ஆட்டோவில் வைத்தாள். அவள் கண்ணில் ஓர் ஈரம் இருந்தது. கொங்கு நாட்டு விருந்தோம்பல் என்று நான்கு வரி மனசுக்குள் எழுதிக்கொண்டேன்.

சூலூர்ப் பேருந்தில் நடத்துநர் கேனுக்கு இடம் கொடுக்க மாட்டேன் என்றார். என்ன என்றார், கடல் என்றேன், "அப்பக் கடலுக்கும் ஒரு டிக்கெட் எடுத்துருங்க" என்றார், சிரிக்காமல். எடுத்தேன். எங்கள் ஊரில் இதற்குச் சண்டை போட்டிருப்பார்கள். இங்கே எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு 'ங்க' வந்து சண்டையின் காலைத் தட்டிவிடுகிறது.

சூலூரில் கருவி வைத்திருந்தவர் ஆறுமுகம். கிணற்றில் விழுந்ததை எடுத்துத் தருவது அவர் தொழில். இங்கே கிணறுகள் எங்கள் ஊர்க் கேணி போல் இல்லை. பூமியில் வெட்டிய மாடி வீடுகள், தலைகீழாக. மோட்டார், குழாய், பித்தளைக் குடம், போன், ஒருமுறை ஒரு மொபெட் என்று எல்லாம் எடுத்திருக்கிறார். முற்றத்தில் கொக்கிகளும் கயிறும் குவிந்து கிடந்தன. அவருக்குத் திண்டு திண்டான தோள்கள், குழந்தைக் குரல்.

"வாங்க வாங்க. தண்ணி குடிங்க." மூன்றாவது சொம்பு.

அவருடைய கருவி மஞ்சள் நிறம், கீறல் விழுந்த உடம்பு, ஆனால் இரும்பு போல உறுதி. அவர் கிணற்றில் கயிறு கட்டி இறக்கி, அரை மணி ஊறவைத்து, எடுத்துத் துடைத்து, பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே சித்திரை மாதம்.

"கெணத்துக்கு இது சாமிங்க. ஆனாக் கடலுக்கு ஆகுமான்னு எனக்குத் தெரியாதுங்க. நான் கடலையே பாத்ததில்லீங்க."

"அதற்குத்தான் கொண்டுவந்திருக்கிறேன்" என்று கேனை முன்னால் வைத்தேன்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மரியாதையாகக் கேனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அண்டாவில் ஊற்றினோம். வட்டத்தை உள்ளே வைத்தோம். தலைக்கு மேலே விமானப்படை விமானம் ஒன்று வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தோம். போனது. கருவி பேசவில்லை. இன்னும் காத்திருந்தோம். பேசவில்லை.

"தூங்கற கொழந்தையாட்ட இருக்குதுங்க!" என்றார் ஆறுமுகம் மெல்ல.

சிலுவையைப் போட்டேன். குயில் போல ஒரு குரல். ஆணியைப் போட்டேன், தவளை போல வேறொரு குரல். வெள்ளி வேறு, இரும்பு வேறு என்று பிரித்துச் சொல்கிறது, உப்புக்கும் அசையவில்லை, தண்ணீரும் புகவில்லை. இப்படி ஒரு கருவி இந்த விலைக்கு உலகத்தில் இல்லை என்று படித்திருந்தேன். படித்ததெல்லாம் பொய், ஆறுமுகமே மெய் என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

"ஒத்து வரலீன்னாக் கொண்டாந்து குடுத்துருங்க. மெசினும் எங்கயும் போகாது, நானும் எங்கயும் போகமாட்டனுங்க" என்றார். அரிசிம்பருப்பு சாதத்தில் நெய்யை ஊற்றிவிட்டுத்தான் அனுப்பினார்.

கடல் இனித் தேவையில்லை. ஆனால் அதைச் சாக்கடையில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. மறுபடியும் கேனில் நிரப்பிக்கொண்டேன். ஒரு கையில் கருவி, ஒரு கையில் கடல். ஒண்டிப்புதூர் அருகே பேருந்து ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. பெல்ட் அறுந்துவிட்டதாம். வெயில் ஜன்னல் வழியாக உள்ளே ஏறி இருக்கைக்கு ஒருவராக உட்கார்ந்துகொண்டது. எனக்கு முன் இருக்கையில் ஒரு பெரிய மனிதருக்கு விக்கல் பிடித்தது. சாதாரண விக்கல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் கம்பிகள் அதிர்ந்தன.

"மூச்சப் புடிங்க" என்றார் ஒருவர். "யாரோ நெனைக்கறாங்க" என்றார் இன்னொருவர். "சக்கரை இருந்தாக் குடுங்க" என்றார் நடத்துநர்.

பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பி என் கேனைப் பார்த்தார். "ஏனுங்க, அத்தன தண்ணிய வெச்சுட்டு அந்தண்ணன் உக்காந்துட்டே இருக்காரு பாருங்க! குடுத்தாக் கொறஞ்சா போயிருவாரு?"

பேருந்து முழுக்க என்னைப் பார்த்தது.

"அம்மா, அது கடல் தண்ணிங்க" என்றேன்.

"ஆமா, எங்கூட்டுத் தொட்டில திமிங்கலம் இருக்குது" என்றார் அம்மாள். பேருந்து சிரித்தது. விக்கல்காரர் சிரிக்க முயன்று இரண்டு மடங்காக விக்கினார். அதற்குள் யாரோ மூடியைத் திறந்து, யாரோ சாய்த்து, அவர் அண்ணாந்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இதோ துப்பப் போகிறார், இதோ அடிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். கடக் கடக் என்ற சத்தம் மட்டும் கேட்டது. நிற்கவே இல்லை. கண்ணைத் திறந்தபோது அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, விக்கல் இல்லாமல், நிம்மதியாக என்னைப் பார்த்தார்.

"சிறுவாணிங்களா?" என்றார். "வடவள்ளிப் பக்கமா நீங்க?"

எனக்கு விக்கல் பிடித்தது.

வடவள்ளி வீட்டு வாசலில் கேனை வைத்துவிட்டு, "சுமதிம்மா, இந்தத் தண்ணி..." என்று ஆரம்பித்தேன். அவளே தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். பெருமையும் கூச்சமும் பாதிப் பாதி.

"கண்டுபுடிச்சுட்டீங்களாங்ண்ணா? கோவிச்சுக்காதீங்க. காலைல அந்தத் தண்ணியத் துளி வாயில உட்டுப் பாத்தனுங்க. ஐயோ சாமி, உப்பாக் கரிக்குது! இதையாங்ண்ணா உங்கூர்ல குடிக்கறீங்கன்னு எனக்கு மனசே ஆறலீங்க. ஒறம்பரை வந்தவரு நம்மூட்டுல இருந்துட்டே அந்தத் தண்ணியத் தூக்கிட்டுத் திரியறதான்னு, கொட்டிப்போட்டு, கேனக் கழுவி, சிறுவாணிய நெறச்சுப்போட்டனுங்க."

நடராஜ் சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டான். நான் சிரிக்கவில்லை என்பதை சுமதிதான் முதலில் பார்த்தாள். அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். படகு, வரி, போன், கொலுசுகள், கொடியேற்றம், தேநீர்க் கடைப் பெயர் எல்லாம். அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"உங்க கடலைக் கொட்டிப்போட்டேனா நானு!" என்றாள். பிறகு, "தலைல ஒண்ணுமில்லாமயாங்ண்ணா மாதாவுக்கு நோம்பி நடக்கும்?" என்றாள். அவள் கழுத்தில் தாலிக்கயிற்றோடு பழனி முருகன் டாலர் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்வியை எங்கள் ஊரில் இருநூறு பெண்கள் என்னிடம் கேட்டிருந்தார்கள். இவள் கேட்டபோதுதான் எனக்கு வலித்தது.

"கடல் வேணும், அவ்வளவுதானே?" என்று நடராஜ் கடைக்குப் போனான். உப்புப் பாக்கெட் ஒன்றோடு வந்தான். லிட்டருக்கு ஒரு கைப்பிடி என்று கலக்கினோம். சும்மா பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். தயாரிப்பு: தூத்துக்குடி. என் கடல் எனக்கு முன்பே இங்கே வந்து, வெயிலில் காய்ந்து, வெள்ளை உடுத்தி, அலமாரியில் எனக்காக உட்கார்ந்திருந்திருக்கிறது. இதைப் போய் நான் கேனில் சுமந்தேன்.

உப்புக் கரைந்ததும் ஆறுமுகத்தின் கருவியை உள்ளே வைத்தோம். அது கத்திய கத்தலை எப்படிச் சொல்வது? நாதஸ்வரம் பழகத் தொடங்கிய ஒருவனை யாரோ கிள்ளியது போல. தெருவில் மூன்று நாய்கள் பதில் சொல்லின. எதிர்வீட்டுக்காரர் லுங்கியோடு ஓடிவந்து, "குக்கர் வெடிக்கப் போவுதுங்க, அடுப்ப அணைங்க!" என்றார். சிலுவையைப் போட்டேன். அதே கத்தல். கத்தலுக்குள் வெள்ளி எங்கே, உப்பு எங்கே?

மூன்றாம் நாள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சூலூர் போனேன். ஆறுமுகம் சொம்பை நீட்டிவிட்டு, கதையைக் கேட்டு, சிரித்து, கருவியையும் வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு யோசித்தார்.

"அந்த பாய்கிட்ட இருக்கறது கத்தாதுன்னீங்கல்லோ?"

"கத்தாது. ஆனா தண்ணி புகுது."

"தண்ணி பூந்தா என்னங்க? பெரியநாயக்கம்பாளையத்துல சரசக்கான்னு இருக்காங்க. தண்ணிக்குள்ள ஓடற மோட்டாருக்குக் காயில் கட்டி, சீல் போட்டுக் குடுக்கறவங்க. ஐநூறு அடி போர்ல மோட்டார எறக்கறவங்களுக்கு உங்க இடுப்பளவு கடலு எந்த மூலைங்க?"

எனக்குப் பொட்டில் அறைந்தது போல் இருந்தது. எங்கள் ஊரில் ஒன்று கெட்டால் கடலில் போட்டுவிட்டு அழுவோம். இவர்கள் கெட்டதைக் கையில் வாங்கி, 'எங்க கெட்டிருக்குது?' என்று கேட்கிறார்கள். பாய் பார்த்தார், குறையைக் கண்டார், சொன்னார். அதோடு அவர் வேலை முடிந்தது. நான்தான் குறையைக் கேட்டதும் பிரியாணி தின்றுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

உக்கடத்தில் அப்பாஸ் பாய் என்னைக் கண்டதும், "கடல் எங்க தம்பி?" என்றார். சொன்னேன். கல்லாவில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். "மூச்சை நிறுத்துறவங்க இருக்காங்களா! அப்ப எடுத்துட்டுப் போங்க. கிரீடம் கிடைச்சா ஒரு போட்டோ அனுப்புங்க, கடைல மாட்டி வைக்கிறேன்."

சரசக்காவின் பட்டறை பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், வார்னிஷ் மணக்கும் ஒரு நீளமான அறை. ஐம்பது வயதுக்காரர், கண்ணாடி மூக்கின் நுனியில், விரல் நுனியெல்லாம் செம்புக் கம்பியின் தழும்பு. தண்ணி குடிக்க வைத்துவிட்டுக் கேட்டார்: "எத்தன அடிங்க?"

"நான்கடி இருக்கும்."

"அம்புட்டுதானுங்களா?" அவர் குரலில் ஓர் ஏமாற்றம். நான் அவருடைய திறமைக்கு அவமானம் செய்துவிட்டது போல இருந்தது.

பள்ளத்தின் களிம்பை ஒரு மூங்கில் குச்சியால் சுரண்டினார். "இரும்புல சொரண்டுனாக் கீறல் உளும், கீறல் வழியாத் தண்ணி வரும்ங்க." பெட்டிகள் நிறைந்த அலமாரியிலிருந்து ரப்பர் வளையம் ஒன்றைக் கண்ணால் அளந்தே எடுத்தார். அதில் ஏதோ மசகைத் தடவினார், குழந்தையின் தலையில் எண்ணெய் வைப்பது போல. மூடும் முன் என்னைப் பார்த்து, "ஒரு காயிதம் குடுங்க, பேனாவுல எதாவது எழுதி" என்றார். தண்ணீர் புகுந்தால் மை கலைந்துவிடும், அதுதான் பரிசோதனை.

என்ன எழுதுவது? பை நோட்டில் கை தானாக அந்த மூன்று சொல்லை எழுதியது. அந்தத் தாளை அவர் மடித்து உள்ளே வைத்து மூடி, மோட்டார்களை ஊறவைக்கும் தொட்டியில் போட்டு, மேலே ஒரு பம்பின் உடம்பை ஏற்றி வைத்தார். "போயிச் சாப்புட்டுட்டு வாங்க."

நான் சாப்பிடப் போகவில்லை. வெளியே நின்று மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலையும் ஓர் அலைதான், எழுந்த இடத்தில் இறங்க மறந்துபோனது. இதை எழுதிக்கொள்ளலாமா என்று போனைத் தொட்டேன். பயந்து கையை எடுத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டியைத் துடைத்துத் திறந்தார். காகிதத்தைப் பிரித்தார். மை அப்படியே இருந்தது.

"பொழச்சுக்கிச்சுங்க" என்றார். பிறகு கண்ணாடியை மேலே ஏற்றிப் படித்தார். "'அலை என்பது கடலின்...' இதென்னங்க, பாதில நிக்குது?"

"அந்த இடத்துலதாங்க கிரீடம் விழுந்தது."

அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மடித்து என் சட்டைப்பையில் வைக்கச் சொன்னார். "முடிச்சுப்போட்டு ஒரு நாளைக்குப் போன்ல சொல்லுங்க. பாதில உட்ட வேலையக் கேட்டா எனக்குத் தூக்கம் வராதுங்க."

ரயிலுக்குக் கிளம்பும்போது சுமதி கேனை மறுபடியும் நிரப்பி வைத்திருந்தாள். "இந்தவாட்டி நான் சொல்லிப்போட்டே குடுக்கறனுங்ண்ணா. இது சிறுவாணி. ஸ்டெல்லா அக்காவுக்கு." மறுக்க முடியுமா? ஒரு கேன் கடலோடு போனவன் ஒரு கேன் மலையோடு திரும்பினேன். டிக்கெட் பரிசோதகர் வேறொருவர். "தண்ணி" என்றேன். நம்பிவிட்டார்.

ஊரில் நான்கு நாள் கடலுக்குள் நடந்தேன். பாய் சொன்னது சரி. அந்தக் கருவிக்கு உலகத்தில் எல்லாம் சமம். ஆணி, நங்கூரத் துண்டு, மீன் டப்பா, சோடா மூடி, யாருடையதோ நின்றுபோன கைக்கடிகாரம் என்று ஒவ்வொன்றுக்கும் அதே "ங்ங்". ஒவ்வொன்றுக்கும் நான் குனிந்தேன். கரையில் பையன்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். "கிரீடம், எழுபத்தொண்ணு!" ஐந்தாம் நாள் சூசைத் தாத்தா வலையைத் தைத்துக்கொண்டே, "ஏன் ஓய் விழுந்த எடத்துலயே தேடுறீரு? தென்காத்து மாசம்லா, கடல் வடக்கதான் இழுக்கும். வடக்கத் தள்ளிப் போம்" என்றார். நாற்பது எட்டு வடக்கே போனேன். இடுப்பளவு தண்ணீர். பெட்டி அலைக்குள் முழுதாக முங்கி எழுந்தது, மூச்சு விடவில்லை. "ங்ங்" என்றது. வழக்கம்போல் ஆணி என்று நினைத்துக் குனிந்தேன். விரலில் வளைவாக, பல் பல்லாக ஏதோ தட்டுப்பட்டது.

கறுத்து, ஒரு பக்கம் நசுங்கி, சிப்பியும் உப்பும் ஒட்டியிருந்தது. கரையில் கூட்டம் கூடிவிட்டது. கழுவ வேண்டும். எங்கள் ஊர்க் குழாயில் வருவதும் உப்புத்தான். ஸ்டெல்லா வீட்டுக்குப் போய் அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்தவர்களுக்கு அரை டம்ளர் அரை டம்ளராகக் கொடுத்தும் அதில் பாதி மீந்திருந்தது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து, சிறுவாணித் தண்ணீரை ஊற்றி ஊற்றி, விரலால் தேய்த்தார்கள். இது என் கொலுசு, இது என் காப்பு என்று உருகிப்போன வெள்ளியில் ஆளுக்கொரு இடத்தைத் தொட்டுக் காட்டினார்கள். அடியில் மிஞ்சிய ஒரு வாய்த் தண்ணீரைச் சூசைத் தாத்தா அண்ணாந்து குடித்துவிட்டு நாக்கைச் சப்பினார்.

"என்ன ஓய், சீனி போட்டீரா?"

தட்டார் நசுங்கலை நிமிர்த்தி, சிலுவையை உச்சியில் பொருத்திக் கொடுத்தார். திருவிழாவன்று சுரூபத்தை மறுபடியும் படகில் ஏற்றினார்கள். யார் பிடிப்பது என்று பேச்சு வந்தபோது, "கிரீடமே பிடிக்கட்டும்" என்றார்கள். ஸ்டெல்லா என் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கரைக்குக் கூப்பிடு தூரத்தில், வெயில் வெள்ளியில் பட்டுத் தண்ணீரெல்லாம் சிதறியபோது, அந்த வரி திரும்பி வந்தது. இந்தமுறை முழுதாக, நான்காவது சொல்லோடு, அதற்குப் பின்னால் இன்னும் இரண்டோடு. அது என் முகத்துக்கு நேரே கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. பிடித்துக்கொள்ள எனக்குக் கை இல்லை. இரண்டு கையாலும் மாதாவைப் பிடித்திருந்தேன்.